புதுக் குஞ்சுகள் கூட்டில் அடையவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

வீட்டில் ஏற்கெனவே ஏழெட்டு நாட்டுக்கோழிகள் நிற்கின்றன. சந்தையிலிருந்தோ பண்ணையிலிருந்தோ இரண்டு மாதக் குஞ்சுகள் ஆறேழு வாங்கி வந்து விடுகிறீர்கள். பகலில் பெரிய தொந்தரவு இல்லை. பழையவை ஒரு பக்கம், புதியவை ஒரு பக்கம் என்று மேய்ந்துகொள்கின்றன. பொழுது சாய்ந்ததும்தான் கூத்து ஆரம்பிக்கும். பழையவை வரிசையாகக் கூட்டுக்குள் போய்விட, புதியவை கிணற்றடியிலும் முருங்கை மரத்திலும் துவைக்கிற கல்லுக்குப் பின்னாலும் பதுங்கும். காலையில் எண்ணினால் ஒன்று குறையும். மரநாயா, காட்டுப்பூனையா, தெருநாயா என்று அப்புறம் விசாரித்துப் பயனில்லை.

குஞ்சு கூட்டுக்குள் போகாததற்குப் பெரும்பாலும் நாலு காரணங்கள்தான். இதுதான் வீடு என்று அதற்குத் தெரியவில்லை. தெரிந்தாலும் ஏறிப் போக முடியவில்லை. போனால் அடி விழுகிறது. அல்லது கூட்டிலேயே ஏதோ கோளாறு. நாலுக்கும் மருந்து வேறு வேறு. ஒன்றுக்குச் செய்யவேண்டியதை இன்னொன்றுக்குச் செய்தால் நிலைமை மோசமாகும். அடிக்குப் பயந்து வெளியே நிற்கிற குஞ்சைப் பிடித்து, அடிக்கிற கோழியோடு சேர்த்துப் பூட்டி வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

துரத்துவதற்கு முன்

ஆளுக்கொரு பக்கம் கம்பை எடுத்துக்கொண்டு வளைத்துத் துரத்துவதுதான் நம் வீடுகளில் வழக்கம். அதை முதலில் விடுங்கள். அந்தியில் துரத்தப்பட்ட குஞ்சு கூட்டையும் பயத்தையும் சேர்த்தே நினைவில் வைக்கும். மறுநாள் நீங்கள் கம்பை எடுக்கும் முன்பே ஒளிந்துகொள்ளும்.

அதற்குப் பதில் ஒரு மாலை, பொழுது சாய அரை மணி நேரம் இருக்கும்போது, கூடு தெரிகிற மாதிரி கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். கோழிக்கு இருட்டில் கண் தெரியாது. அதனால்தான் வெளிச்சம் இருக்கும்போதே இடம் பிடிக்க அலைகிறது. மணிக்கணக்கு அதற்குக் கிடையாது, வெளிச்சம்தான் கணக்கு. சென்னையில் நவம்பரில் மாலை 5.40க்கே சூரியன் மறைந்துவிடும், ஜூலையில் 6.40 ஆகும். மழைமேகம் மூடிய நாளில் இன்னும் சீக்கிரம். வருஷம் முழுக்க ஆறரைக்குத்தான் கூட்டைப் பூட்டுவேன் என்றால் பல மாதம் அது கோழியின் நேரத்தோடு ஒத்துப்போகாது.

பார்க்க வேண்டியது இவ்வளவுதான்: குஞ்சுகள் வாசல்வரை வருகின்றனவா? உள்ளே போய்த் திரும்பி ஓடி வருகின்றனவா? கழுத்தை நீட்டி மேலேயே பார்த்துக்கொண்டு நிற்கின்றனவா? பழைய கோழிகள் வழக்கம்போல் அடைகின்றனவா, அவையும் தயங்குகின்றனவா?

இன்னொன்று. வாங்கி வந்த அன்றே பழையவற்றோடு விட்டிருந்தால், கூட்டில் அடைவது இப்போதைக்கு இரண்டாம் கவலை. வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட் நோய்) உள்ள ஒரு குஞ்சு மொத்தக் கூட்டத்தையும் சாய்த்துவிடும். மூன்று வாரமாவது தனியிடத்தில், தனித் தண்ணீர், தனித் தீவனம் என்று வைத்து, கழிச்சல், சளி, அம்மை எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகே சேர்க்க வேண்டும். பழையவற்றுக்குத் தீனி வைத்து முடித்த பிறகு புதியவற்றிடம் போங்கள். திரும்பி வரும்போது கையையும் காலையும் கழுவுங்கள். தடுப்பூசி போட்டதா என்று விற்றவரைக் கேளுங்கள். அவர் போட்டாச்சு என்றுதான் சொல்வார். எதற்கும் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் காட்டி, எட்டு வாரத்தில் போடும் கழிச்சல் தடுப்பூசியைப் போட்டுவிடுவது நல்லது.

வாசலுக்கு வெளியே கும்பலாக நின்று கத்துகின்றன

அடி வாங்கிய அடையாளம் இல்லை. பழையவை விரட்டவும் இல்லை. இருட்ட இருட்ட ஒன்றோடொன்று ஒட்டி நின்று, 'கீ கீ' என்று கத்திக்கொண்டே இருக்கின்றன. இவற்றுக்கு வீடு எது என்று தெரியவில்லை.

இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. இன்குபேட்டரில் பொரித்து, பல்பு வெளிச்சத்தில் வளர்ந்த குஞ்சுக்கு, இருட்டினால் ஓரிடத்தில் போய் அடைய வேண்டும் என்று சொல்லித்தரத் தாய் இல்லை. பஞ்சாரத்தில் கவிழ்த்து வளர்த்த குஞ்சும் ஒருவகையில் அப்படித்தான். தினமும் யாரோ பிடித்து உள்ளே போட்டார்கள். தானாக நடந்து போய் அடைந்த பழக்கமே அதற்கு இல்லை.

வழி: ஒரு வாரம் வெளியே விடாமல் கூட்டுக்குள்ளேயே வைத்திருங்கள். கூடு பெரிதாக இருந்தால் கம்பிவலையால் நடுவில் தடுத்து, ஒரு பக்கத்தைக் குஞ்சுகளுக்கு ஒதுக்குங்கள். பழையவை வழக்கம்போல் வெளியே மேய்ந்துவிட்டு மாலையில் வந்து மறுபக்கம் அடையும். வலை வழியாக இரண்டும் பார்த்துக்கொள்ளும், கொத்த முடியாது. கூடு சின்னதென்றால் கூட்டை ஒட்டியே வெளியில் வலை அடித்து ஒரு அடைப்பு போட்டு, பகலில் அதில் விட்டு, மாலையில் அந்த அடைப்பிலிருந்து நேரே கூட்டுக்குள் போகிற மாதிரி வழி வையுங்கள். தகரக் கூரைக் கூட்டுக்குள் சித்திரை வெயிலில் பகல் முழுக்கப் பூட்டி வைக்கவே கூடாது. அடைய மறுத்த குஞ்சைப் பிழைக்க வைக்கலாம், வெந்துபோன குஞ்சை என்ன செய்வது?

ஒரு வாரம் கழித்து முதல்முறை திறக்கும்போது காலையில் திறக்காதீர்கள். பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது, கொஞ்சம் பசியோடு திறந்துவிடுங்கள். அதிக தூரம் போக நேரம் இருக்காது. அரை மணி கழித்துத் தீவனத் தட்டைத் தட்டி 'பா... பா...' என்று கூப்பிட்டு, கம்போ கேழ்வரகோ ஒரு கை கூட்டுக்குள் இறையுங்கள். தினமும் ஒரே குரல், ஒரே தட்டுச் சத்தம், ஒரே இடம். அடுத்தடுத்த நாட்களில் திறக்கும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்த்திக்கொள்ளலாம்.

கூட்டுக்குள் இருட்டாக இருப்பதும் ஒரு காரணம். வெளியே இன்னும் வெளிச்சம், உள்ளே கும்மிருட்டு என்றால் புதுக் குஞ்சு காலெடுத்து வைக்காது. சின்ன பல்பு ஒன்றை அந்தி நேரத்தில் அரை மணி நேரம் உள்ளே எரியவிடுங்கள். எல்லாம் கம்பில் (கோழி ஏறி உட்காரக் கூட்டுக்குள் குறுக்கே போடும் கட்டையில்) ஏறிய பிறகு அணைத்துவிடலாம். அவை ஏறும் முன்பே அணைத்தால், தரையில் நிற்பவை அங்கேயே உட்கார்ந்துவிடும்.

காலில் கயிறு கட்டி, கூட்டுக்குப் பக்கத்தில் முளையடித்துக் கட்டி வைக்கும் வழக்கமும் உண்டு. பழகும் என்று சொல்வார்கள். பழகும்தான், ஆனால் கயிறு சுற்றிக் காலில் ரத்தம் கட்டிப்போன கோழிகளும் உண்டு. நாய் வந்தால் ஓடவும் முடியாது. ஒரு வலை வாங்கும் காசு அவ்வளவு பெரிதல்ல.

சேர்ந்து ஒரே கூட்டில் இருக்கும்போது தீவனத்தையும் கவனியுங்கள். முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து 3.5 முதல் 4 சதவீதம் வரை இருக்கும். வளரும் குஞ்சுக்கு 1 சதவீதம் போதும். மிஞ்சினால் சிறுநீரகம் கெடும். எல்லாவற்றுக்கும் வளர்கோழித் தீவனத்தையே வைத்து, கிளிஞ்சல் தூளைத் தனிச் சட்டியில் வையுங்கள். முட்டையிடுகிற கோழி தனக்கு வேண்டியதைத் தானே கொத்திக்கொள்ளும்.

உள்ளே போனதும் ஓடி வந்துவிடுகின்றன

வீடு தெரியும். வாசலும் தெரியும். உள்ளே போன அரை நிமிஷத்தில் 'கெக்' என்று ஒரு சத்தம், குஞ்சு வெளியே. இது அடி.

கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை உண்டு. நார்வேக்காரரான தோர்லீஃப் ஷெல்டெருப்-எப்பே சிறுவயதிலிருந்தே கோழிகளைக் கவனித்துக் குறிப்பெடுத்து, 1921இல் இந்த வரிசையைப் பற்றி எழுதினார். நம் பாட்டிமார்களுக்கு எழுதாமலே தெரிந்த விஷயம்தான். புதிதாக வந்தது கடைசிப் படியில்தான் நிற்க வேண்டும். பகலில் ஓடித் தப்பிக்க இடம் இருக்கும், அதனால் சண்டை கண்ணில் படாது. அந்தியில் எல்லாம் ஒரே கம்புக்குப் போட்டியிடும்போதுதான் அந்த வரிசை கறாராக அமலாகும். மேல் கம்பு, நல்ல இடம் எல்லாம் மூத்ததுக்கு.

கொத்தையே இல்லாமல் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். குஞ்சு ஒதுங்குவதற்கு இடம் இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். கம்பை அளந்து பாருங்கள். வளர்ந்த கோழி ஒன்றுக்கு 15 முதல் 20 செ.மீ. இடம் வேண்டும். பத்துக் கோழிக்கு ஒன்றரை மீட்டர் கம்புதான் இருக்கிறது என்றால் கணக்குக்குச் சரி, நடைமுறைக்குப் போதாது. ஏனென்றால் மூத்த பெட்டை தன் இரண்டு பக்கமும் யாரையும் சேர்க்காது. கணக்குக்கு மேலேயே ஒரு கம்பு கூடுதலாக, பழைய கம்பிலிருந்து 30 செ.மீ.யாவது தள்ளி, எதிர்ச் சுவர்ப் பக்கம் போடுங்கள். எல்லாம் ஒரே உயரத்தில் இருந்தால் மேலிடத்துக்கான சண்டை குறையும்.

உள்ளே ஒரு பலகையையோ கவிழ்த்த பழைய கூடையையோ குறுக்கே வைத்தால், குஞ்சு அதன் பின்னால் மறைந்துகொள்ளும். பார்வையில் படாததைக் கோழி விரட்டாது. வாசல் ஒன்றே ஒன்று, அதிலும் ஒரு சண்டைக்கோழி காவல் நிற்கிறது என்றால், மறுபக்கம் இன்னொரு சின்ன வாசல் வெட்டுவது பல வீடுகளில் ஒரே நாளில் பலன் தந்துவிடும்.

அப்புறம் ராத்திரி வேலை. நன்றாக இருட்டி, எல்லாம் அடங்கிய பிறகு, மங்கலான வெளிச்சத்தில் குஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கம்பில் வையுங்கள். கால் கம்பைப் பிடிக்கும்வரை கையை எடுக்காதீர்கள். சாதுவான கோழி எது என்று உங்களுக்குத் தெரியும், அதன் பக்கத்தில் வையுங்கள். இரண்டு மூன்றாகச் சேர்த்து வைத்தால் இன்னும் நல்லது; தனிக் குஞ்சு எப்போதும் அதிகம் அடி வாங்கும். ராத்திரி வைத்துவிட்டால் காலையில் எல்லாம் ஒன்றாகிவிடும் என்று சொல்வதை நம்பாதீர்கள். கோழிக்கு முகம் தெரியும். ராத்திரி வைப்பதால் கம்பில் உட்காரும் பழக்கம் வரும், அவ்வளவுதான். ஆகவே மறுநாள் விடிந்ததும் கூட்டைத் திறந்துவிட வேண்டும். விடிந்து ஒரு மணி நேரம் பூட்டியே இருந்தால் அந்த ஒரு மணி நேரத்தில்தான் அடி விழும்.

ஒரே ஒரு கோழிதான் எல்லாரையும் விரட்டுகிறது என்றால், அடிபடுவதை எடுக்காதீர்கள், அடிப்பதை எடுங்கள். நாலைந்து நாள் அதைக் கண்ணில் படாத இடத்தில் வேறு கூண்டில் வைத்துவிட்டுத் திரும்ப விட்டால், அதுவே புதிதாக வந்தது மாதிரி தன் இடத்தைத் தேட வேண்டியிருக்கும். ஆட்டம் பெரிதும் அடங்கும்.

ரத்தம் தெரிந்தால் மட்டும் யோசிக்கவே வேண்டாம். உடனே அந்தக் குஞ்சைப் பிரித்துவிடுங்கள். சிவப்பைக் கண்டால் மற்றவையும் சேர்ந்து கொத்தும், கொன்றே போடும். காயத்தைக் கழுவி, மஞ்சள் குழைத்துப் பூசி, ஆறிய பிறகு சேர்க்கலாம்.

குஞ்சு ரொம்பச் சிறிதாக இருந்தால் இந்த உபாயம் எதுவும் வேலை செய்யாது. ஒரு மாதக் குஞ்சை, பெரிய உடம்புள்ள பெருவிடை ரகத்தின் வளர்ந்த கோழிகளோடு சேர்ப்பது வீண் வேலை. மூன்று மாதம் ஆகட்டும், உடம்பு பிடிக்கட்டும். சேவல் குஞ்சுகளானால் இன்னொரு கணக்கு: பழைய சேவல் வெடைக்கோழிகளைப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, ஆனால் கூவ ஆரம்பித்த இளஞ்சேவலை விடாது. சண்டைக் குணமுள்ள அசில் ரகம் என்றால் ஒரே கூட்டில் இரண்டு சேவல் என்ற பேச்சே வேண்டாம்.

மரத்தில் ஏறிவிடுகின்றன

சிறிய உடம்புள்ள சிறுவிடை ரகக் குஞ்சுகளுக்கு இது பிறவிக் குணம். உயரமான இடம்தான் பத்திரம் என்று அவற்றின் உடம்புக்குத் தெரியும். கூட்டில் இருக்கும் கம்பு முழங்கால் உயரம், வேப்பங்கிளை இரண்டு ஆள் உயரம் என்றால் எதைத் தேர்ந்தெடுக்கும்?

கோடையில் மரத்தில் அடைந்தால் என்ன போயிற்று என்று கேட்பவர்கள் உண்டு. ஆந்தை இருக்கிறது, மரநாய் இருக்கிறது. ஐப்பசி மழையில் இரவு முழுக்க நனைந்த குஞ்சுக்குச் சளி பிடிக்காமல் இருக்காது. ஒருமுறை மரத்தில் பழகிவிட்ட கோழியைக் கீழே இறக்குவது பெரும்பாடு. ஆகவே முதல் வாரத்திலேயே தடுத்துவிட வேண்டும்.

மேலே சொன்ன ஒரு வாரப் பூட்டை இங்கேயும் செய்யுங்கள், ஆனால் பத்து நாளாக நீட்டுங்கள். தாழ்ந்த கிளைகளைக் கழித்துவிடுங்கள். மரத்தோடு சாய்ந்து நிற்கும் ஏணி, விறகு அடுக்கு, சுவர் எல்லாம் அவற்றுக்குப் படிக்கட்டுதான். கூட்டுக்குள் கம்பை உயர்த்துங்கள், ஆனால் ஏறுவதற்கு நடுவில் ஒரு படிக்கம்பு வையுங்கள். ஏற்கெனவே மரத்தில் அடைந்தவற்றை இருட்டிய பிறகு இறக்கிக் கூட்டில் வையுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தால் பலிக்காது. தொடர்ந்து செய்ய வேண்டும்.

இறக்கை நுனியை வெட்டுவது கடைசி வழி. ஒரு பக்க இறக்கையில் மட்டும், முதிர்ந்த பெரிய சிறகுகளை மட்டும் வெட்டுங்கள். புதிதாக முளைத்து, தண்டில் ரத்தம் ஓடுகிற சிறகை வெட்டினால் ரத்தம் நிற்காது. வெட்டிய கோழியால் கூட்டில் உயரக் கம்புக்கும் சரியாக ஏற முடியாது என்பதை மறந்துவிட வேண்டாம். பகலில் நாய் வந்தால் பறந்து தப்பவும் முடியாது. வேலியில்லாத தோட்டத்தில் நான் இதைச் செய்ய மாட்டேன்.

உள்ளே வருகின்றன, தரையில் மூலையில் குவிந்து படுக்கின்றன

இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குஞ்சு என்றால் கவலைப்பட ஒன்றும் இல்லை. கம்பில் ஏறும் பழக்கம் மெல்ல மெல்லத்தான் வரும். குவிந்து படுக்கும்போது அடியில் இருப்பது மூச்சுத் திணறிச் செத்துவிடும் ஆபத்து மட்டும் உண்டு. மூலைகளில் அட்டையை வளைத்து வைத்து வட்டமாக்கிவிடுங்கள். உமியோ மரத்தூளோ நாலு விரல் கனத்துக்குப் பரப்பி, ஈரமாக விடாதீர்கள்.

மூன்று மாதம் தாண்டியும் ஏறவில்லை என்றால் கம்பைச் சந்தேகப்படுங்கள். முதல் கம்பு தரையிலிருந்து ஒரு அடிக்குள் இருக்கட்டும். கனம் 4, 5 செ.மீ.; மேல் விளிம்பு மழுக்கியதாக இருக்க வேண்டும். வழவழப்பான பிளாஸ்டிக் குழாயில் கால் நிற்காது. இரும்புக் குழாய் மார்கழியில் சில்லிடும், சித்திரையில் சுடும். தாயோடு வந்த குஞ்சுகளில் இன்னொரு காட்சி: தாய் திடீரென்று ஒருநாள் குஞ்சுகளை விட்டுவிட்டு மேல் கம்புக்குப் போய்விடும், குஞ்சுகள் கீழே நின்று அழும். படிக்கம்பு வைத்தால் சில நாளில் பின்னாலேயே ஏறிவிடும்.

முட்டைப் பெட்டியில் போய்த் தூங்குகின்றன

அடிக்கு ஒதுங்கிய குஞ்சு செய்யும் வேலை. எச்சம் பெட்டியில் விழும், முட்டை அழுக்காகும். மாலை நாலு மணிக்கு மேல், அன்றைய முட்டைகளை எடுத்த பிறகு, பெட்டி வாயை ஒரு சாக்கால் மூடிவிட்டு விடிகாலையில் திறந்துவிடுங்கள். பெட்டி கம்பைவிட உயரமாக இருந்தால் கீழே இறக்கி வையுங்கள்.

பழைய கோழிகளும் உள்ளே போகத் தயங்குகின்றன

இது வேறு மாதிரி. புதுக் குஞ்சுகள் வந்த நேரமும் இதுவும் ஒன்றாக அமைந்துவிட்டால் பழியைக் குஞ்சுகள் மேல் போடத் தோன்றும். பழையவையும் வெளியே நின்றால் குற்றவாளி கூடுதான்.

ராத்திரி ஒன்பது மணிவாக்கில் டார்ச்சோடு போங்கள். ஒரு வெள்ளைத் துணியைக் கம்பின் அடிப்பக்கமாக அழுத்தித் தேயுங்கள். துணியில் சிவப்பாகக் கறை படிந்தால் அது செள். பகலில் கம்பின் வெடிப்பிலும் மூங்கில் கணுவிலும் ஒளிந்திருந்து, இருட்டியதும் ஏறி ரத்தம் குடிக்கும் பூச்சி. பகலில் கோழியைப் புரட்டிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது, அதனால்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். பழைய மூங்கில் கூடுகளிலும் மண்சுவரிலும் கோழி உண்ணியும் இப்படியே ஒளிந்திருக்கும். அது மாதக்கணக்கில் பட்டினி கிடந்தும் சாகாது. ஆகவே கூட்டைக் கொஞ்ச நாள் சும்மா போட்டு வைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம்.

கம்புகளைக் கழற்றி வெளியே எடுத்து, கொதிக்கிற தண்ணீரை வெடிப்புகளில் ஊற்றுங்கள். பழைய உமியை மொத்தமாக அள்ளி எரியுங்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடியுங்கள், வெடிப்புக்குள் புகும்படி நன்றாகக் குழைத்து அடியுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி செய்ய வேண்டும், ஏனென்றால் பூச்சியின் முட்டைகள் பொரிந்து புதிதாகக் கிளம்பும். கோழிகள் புரள நிழலில் ஒரு குழியில் சாம்பலும் காய்ந்த மண்ணும் கலந்து போடுங்கள். மருந்து அடிப்பதென்றால் கால்நடை மருத்துவரிடம் அளவு கேட்டு அடியுங்கள். மாட்டுக்கு வாங்கி வைத்த உண்ணி மருந்தைக் கண்ணளவில் கலந்து கோழி மேல் தெளிக்கும் பழக்கம் கோழிக்கும் கேடு, அதன் முட்டையைச் சாப்பிடும் வீட்டுப் பிள்ளைக்கும் கேடு.

துணி சுத்தமாக இருந்தால் மூக்கை நம்புங்கள். கூட்டுக்குள் குனிந்து, கோழி உட்காரும் உயரத்தில் மூச்சு இழுத்தால் கண் எரிகிறதா? எச்சத்திலிருந்து கிளம்பும் அமோனியா. கீழே அள்ளிச் சுத்தம் செய்து, மேலே காற்றுப் போக வழி விடுங்கள்.

பங்குனி, சித்திரையில் என்றால் சூடு. அந்தியில் கையை உள்ளே நீட்டிப் பாருங்கள். தகரம், சிமெண்ட் அட்டை எல்லாம் பகலில் வாங்கிய வெயிலை ராத்திரி எட்டு மணிவரை கக்கிக்கொண்டிருக்கும். கூரை மேல் தென்னங்கீற்று போட்டு, மாலை நாலு மணிக்குத் தண்ணீர் தெளியுங்கள். இரண்டு பக்கச் சுவரைப் பாதி எடுத்துவிட்டுக் கம்பிவலை அடியுங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால் பாம்பைத் தேடுங்கள். முட்டை காணாமல் போகிறதா, காலையில் சிறகு சிதறிக் கிடக்கிறதா என்று பாருங்கள். ஒரு ராத்திரி சாரைப்பாம்பு உள்ளே வந்து போனால் பல நாள் கோழிகள் அந்தப் பக்கமே போகாது. ஓட்டைகளை அரை அங்குலக் கண் உள்ள வலையால் அடைக்க வேண்டும். கோழி வலை என்று விற்கும் அறுகோணக் கண் வலையில் சின்னப் பாம்பு தாராளமாக நுழையும்.

எல்லாம் அடைகின்றன, ஒன்று மட்டும் தனியே நிற்கிறது

இதைப் பழக்கக் கோளாறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிடித்துக் கையில் வைத்துப் பாருங்கள். கண் இமையில் அம்மைக் கொப்புளம் வந்து மூடியிருந்தால் வழியே தெரியாது. கண்ணைச் சுத்தம் செய்து, தனியே வைத்து, தண்ணீரில் அலகை நனைத்துக் காட்டிக் குடிக்க வைக்க வேண்டும். உள்ளங்காலில் வீக்கமோ கறுப்புக் காய்ப்போ இருந்தால் கம்பில் ஏற வலிக்கும். கழுத்தடியில் உள்ள தீனிப்பை அந்தியில் நிறைந்திருக்க வேண்டும். காலியாக இருந்தால் அன்றைக்கு முழுக்க அதைத் தின்னவிடவில்லை, அல்லது தின்ன முடியவில்லை. இறகைச் சிலிர்த்துக்கொண்டு தலையைத் தொங்கவிட்டு நிற்கிறது, எச்சம் பச்சையும் வெள்ளையுமாகப் போகிறது என்றால் அன்று ராத்திரியே அதைத் தனியாக வைத்துவிட்டு, காலையில் முதல் வேலையாகக் கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். கூட்டில் இருக்கும் மற்றவற்றுக்குத் தடுப்பூசி போட்ட தேதியையும் குறித்துக்கொண்டு போங்கள், அதைத்தான் முதலில் கேட்பார்கள்.